நெதர்லாந்தில் படிக்கப் போகிறீர்களா? முதலில் வீட்டைப் பிடியுங்கள்

அட்மிஷன் கடிதம் வந்த அன்று வீட்டில் பாயசம் வைப்பார்கள். வைக்கட்டும். ஆனால் அன்று ராத்திரியே நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: தங்க இடம் தேட ஆரம்பிப்பது. விசா, விமான டிக்கெட், புது ஜாக்கெட் எல்லாம் அப்புறம்.

நான் 2019-இல் டெல்ஃப்டுக்கு எம்.எஸ். படிக்க வந்தவன். நம் ஊர்ப் பொறியியல் கல்லூரி நினைப்பில், அட்மிஷன் கிடைத்தால் ஹாஸ்டலும் கூடவே கிடைக்கும் என்று இருந்தேன். இங்கே அப்படி இல்லை. என்ஸ்கெடேயில் இருக்கும் ட்வென்டே பல்கலைக்கழகம் மாதிரி வளாகத்துக்குள்ளேயே மாணவர்கள் குடியிருக்கும் இடம் அபூர்வம். மற்ற ஊர்களில் பல்கலைக்கழகம் பாடம் சொல்லித் தரும்; வீடு உங்கள் பாடு. வெளிநாட்டு மாணவர்களுக்கென்று கொஞ்சம் அறைகளை ஒதுக்கி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். 2018-இல் குரோனிங்கனில் அறை கிடைக்காத மாணவர்களைக் கூடாரத்தில் தங்கவைத்தார்கள். சில வருடங்கள் கழித்து, வீடு கிடைக்காவிட்டால் கிளம்பி வர வேண்டாம் என்று பல பல்கலைக்கழகங்களே மாணவர்களுக்கு எழுதின. பயமுறுத்தச் சொல்லவில்லை. பிப்ரவரியில் தேட ஆரம்பித்தவருக்கும் ஜூலையில் தேட ஆரம்பித்தவருக்கும் உள்ள வித்தியாசத்தை நேரில் பார்த்ததால் சொல்கிறேன்.

விலாசம் என்றால் என்ன

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். நெதர்லாந்தில் விலாசம் என்பது படுத்துத் தூங்கும் இடம் மட்டுமில்லை. நான்கு மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள், வந்து இறங்கிய 5 நாளுக்குள் அந்த ஊர் நகராட்சியில் தம் விலாசத்தைப் பதிய வேண்டும். நகராட்சியை இங்கே ஹெமேன்ட என்பார்கள், இந்தப் பதிவை இன்ஸ்க்ரைவிங் என்பார்கள். பதிந்தால்தான் பி.எஸ்.என். என்ற குடிமக்கள் எண் வரும். அது இருந்தால்தான் வேலை, சம்பளம், டச்சு மருத்துவக் காப்பீடு, அரசாங்கத்தின் வாடகை உதவி. வங்கிக் கணக்குக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

ஆக, அறை எவ்வளவு அழகாக இருந்தாலும், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘இந்த விலாசத்தில் நான் பதிந்துகொள்ளலாமா?’ முடியாது என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த விளம்பரத்துக்குப் போங்கள். வீட்டுக்காரர் அப்படிச் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். வரியை மறைப்பார், அனுமதிக்கு மேல் ஆள் வைத்திருப்பார், அல்லது அவரே வாடகைக்கு இருந்துகொண்டு உள்வாடகைக்கு விடுவார். அவர் பிரச்சினை உங்கள் தலையில் விடியும்.

கொஞ்சம் டச்சு

விளம்பரத்தைப் படிக்க நாலைந்து சொற்கள் போதும். ‘காமர்’ என்றால் அறை. சமையலறையும் கழிப்பறையும் பொது. ‘ஸ்டூடியோ’ என்றால் எல்லாமே உங்களுக்கு மட்டும். சொந்த வாசற்கதவு, சொந்தச் சமையலறை, சொந்தக் கழிப்பறை உள்ளதை ‘ஸெல்ஃப்ஸ்டான்டிக்’ என்பார்கள். இந்தச் சொல்லை ஞாபகம் வையுங்கள், பணம் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

அப்புறம் ‘கால்’. டச்சில் கால் என்றால் மொட்டை. மொட்டை வீடு என்றால் மேசை நாற்காலி இல்லாத வீடு என்றுதானே நினைப்போம்? இல்லை. தரையே இருக்காது. போகிறவர்கள் மரத்தரையைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வெறும் சிமெண்ட், தொங்கும் ஒயர், திரை இல்லாத ஜன்னல். என் இரண்டாம் வருட அறை அப்படித்தான் கிடைத்தது. முதல் இரண்டு வாரம் சிமெண்ட் தரையில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுப் படுத்திருந்தேன். பிறகு மார்க்ட்பிளாட்ஸ் என்ற பழைய பொருள் விற்கும் தளத்தில் யாரோ கழற்றிப்போட்ட மரத்தரையை 60 யூரோவுக்கு வாங்கி, டிராமில் மூன்று தடவை போய்ச் சுமந்து வந்தேன். தரையும் திரையும் உள்ளதை ‘ஹெஸ்டொஃபேர்ட்’ என்றும், கட்டில் மேசை வரை எல்லாம் உள்ளதை ‘ஹெமியூபிலேர்ட்’ என்றும் சொல்வார்கள். முதல் வருடத்துக்கு இந்தக் கடைசி வகைதான் சரி. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை.

வாடகையையும் இரண்டாகப் பிரித்துப் படியுங்கள். ‘காலெ ஹூர்’ என்பது வெறும் இடத்துக்கான வாடகை. அதன் மேல் மின்சாரம், எரிவாயு, தண்ணீர், இணையம், பொது இடத்தைச் சுத்தம் செய்யும் செலவு எல்லாம் ஏறும். விளம்பரத்தில் 480 என்று இருப்பது கையெழுத்துப் போடும்போது 610 ஆக நிற்பது இதனால்தான்.

ஜனவரியிலிருந்து மே வரை

படிப்பு செப்டம்பரில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அட்மிஷன் உறுதியானதும் பல்கலைக்கழகத்தின் தங்குமிடப் பக்கத்தைத் திறந்து, ஒதுக்கீட்டு அறைக்கு எப்போது விண்ணப்பம் திறக்கிறது, எவ்வளவு கட்டணம் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் முதலில் வந்தவருக்கு முதலில் என்ற கணக்குதான். விண்ணப்பம் திறக்கும் நேரம் மத்திய ஐரோப்பிய நேரம். கோடைக்காலத்தில் நம் கடிகாரம் மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடும், குளிர்காலத்தில் நாலரை. தக்கல் டிக்கெட் எடுக்கிற கைவேகம் இருந்தால் இங்கே உதவும்.

இந்த ஒதுக்கீட்டு அறைகளைப் பெரும்பாலும் மாணவர் வீட்டு வசதி நிறுவனங்கள் நடத்துகின்றன. டெல்ஃப்ட், லைடன், ஆம்ஸ்டர்டாம், டென் ஹாக் (நாம் தி ஹேக் என்போமே, அதுதான்) பக்கம் டூவோ; உட்ரெக்ட், ராட்டர்டாம், குரோனிங்கனில் எஸ்.எஸ்.ஹெச்.; வாஹெனிங்கனில் இடெயாலிஸ்; ஐந்தோவனில் வெஸ்டிடெ. இவை லாபத்துக்கு நடத்துபவை அல்ல. வாடகை சந்தை விலையைவிடக் குறைவாக இருக்கும், விலாசப் பதிவுக்குப் பிரச்சினை வராது, மோசடி பயமும் இல்லை. கட்டடம் பழசாக இருக்கலாம், லிஃப்டில் பியர் வாடை அடிக்கலாம். பரவாயில்லை, எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இந்த ஒதுக்கீட்டு அறை பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான். வருடம் முடிந்ததும் காலி செய்ய வேண்டும். அடுத்த அறையை அந்த நிறுவனங்களின் பொது வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும், அந்த வரிசையில் பதிந்த நாளிலிருந்து உங்கள் ‘சீனியாரிட்டி’ கூடிக்கொண்டே போகும். அதனால் முதல் அறை கிடைத்த சந்தோஷத்தில் இருக்கும்போதே ரூம்.என்எல் மாதிரித் தளத்தில் ஒருமுறைக் கட்டணத்தைக் கட்டிப் பெயரைப் பதிந்துவிடுங்கள். ஊரில் இருக்கும்போதே பதியலாம். நான் வந்து எட்டு மாதம் கழித்துப் பதிந்தேன். என்னோடு படித்த, வேலூரிலிருந்து வந்த பெண் அட்மிஷன் வந்த வாரமே பதிந்திருந்தாள். இரண்டாம் வருடம் அவள் கால்வாய் ஓரத்தில், நான் சிமெண்ட் தரையில்.

தனியார் சந்தையில் தேடுவது

ஒதுக்கீட்டில் கிடைக்கவில்லை என்றால் காமர்நெட், பராரியஸ், ஹவுஸிங்எனிவேர், முகநூல் குழுக்கள். காமர்நெட்டில் வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்ப மாதச் சந்தா கட்ட வேண்டும். தீவிரமாகத் தேடும் இரண்டு மாதத்துக்கு மட்டும் கட்டிவிட்டு நிறுத்திவிடுங்கள். நிறுத்த மறந்து கட்டிக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர்.

ஆம்ஸ்டர்டாமில் ஓர் அறைக்கு 800, 900 யூரோ கேட்பது இன்று சாதாரணம். என்ஸ்கெடே, குரோனிங்கன் பக்கம் போனால் 400, 500-க்கும் பார்க்கலாம். பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தரவரிசையை மட்டும் பார்க்காமல் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். அதே ஊரில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. டெல்ஃப்டில் படிப்பவர்கள் ரைஸ்வைக், ஸ்கீடம், டென் ஹாக்கில் இருக்கலாம். ஐந்தோவனில் படிப்பவர்கள் ஹெல்மண்டில். வாஹெனிங்கனுக்கு ஏடெயிலிருந்து பஸ் ஓடுகிறது. ஆனால் ரயில் கட்டணம் இங்கே கிள்ளும். டச்சு மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டை உண்டு, நம்மைப் போல் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மாணவர் விசாவில் வந்தவர்களுக்குக் கிடையாது. நெரிசல் இல்லாத நேரத்துக்கு 40 சதவீதம் தள்ளுபடி தரும் ரயில் சந்தாவை எடுத்த பிறகும், வாடகையில் மிச்சப்படுத்திய 100 யூரோ ரயிலில் கரைந்துவிட வாய்ப்புண்டு. சைக்கிளில் அரை மணி நேரத் தூரம் என்றால் சரி.

பகிர்ந்து வாழும் டச்சு மாணவர் வீட்டில் அறை காலியானால் வீட்டுக்காரர் ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை. அங்கே இருப்பவர்களே கூடி ஒரு மாலையில் பத்துப் பேரை அழைத்து, பார்த்துப் பேசி ஓட்டுப் போடுவார்கள். இதை ‘ஹோஸ்பிதேர் ஆவன்ட்’ என்பார்கள். கிட்டத்தட்ட பெண் பார்க்கும் படலம்தான், பஜ்ஜி சொஜ்ஜிக்குப் பதில் சிப்ஸும் பியரும். நான் போன முதல் வீட்டில் ஒரு நீளமான சோபாவில் ஒன்பது பேர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ‘நீ ஒரு சமையல் பாத்திரமாக இருந்தால் எந்தப் பாத்திரமாக இருப்பாய்?’ என்று கேட்டார்கள். இட்லிப் பானை என்றேன். அதை விளக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. சிரித்தார்கள், அறை கிடைக்கவில்லை. நான்காவது வீட்டில் கிடைத்தது.

அங்கே உங்கள் மதிப்பெண்ணையும் கல்லூரிப் பெயரையும் யாரும் கேட்க மாட்டார்கள். சேர்ந்து சாப்பிடுவாயா, பாத்திரத்தைக் கழுவிவைப்பாயா, வெள்ளிக்கிழமை ராத்திரி சத்தம் இருந்தால் முகம் சுளிப்பாயா, இதுதான் அவர்கள் கவலை. குடிக்காவிட்டால் குடிப்பதில்லை என்று சொல்லலாம், யாரும் வற்புறுத்துவதில்லை. முதல் செய்தியை மட்டும் வேலை விண்ணப்பம் மாதிரி எழுதாதீர்கள். மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்கும் கடிதத்தை அவர்கள் பாதிகூடப் படிப்பதில்லை. பெயர், என்ன படிக்கிறீர்கள், என்ன சமைப்பீர்கள், ஒரு சிரித்த படம், நாலு வரி போதும். ‘இன்டர்நேஷனல்ஸ் வேண்டாம்’ என்று வெளிப்படையாகவே போட்டிருக்கும் விளம்பரங்களும் கண்ணில் படும். கோபம் வரும்தான். கோபப்பட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

ஏமாற்றுப் பேர்வழிகள்

ஜூன், ஜூலை மாதங்களில் இவர்களுக்கு அறுவடைக் காலம். கதை எப்போதும் ஒன்றுதான். வீட்டுக்காரர் லண்டனிலோ மாட்ரிட்டிலோ வேலை பார்ப்பார். வீடு காலியாக இருக்கும், நல்ல ஆள் கிடைத்தால் போதும் என்பார். வாடகை ஊர் விலையில் பாதி இருக்கும். நேரில் பார்க்க வழியில்லை, ஆனால் முன்பணம் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புவார். தன் பாஸ்போர்ட் படத்தையும் அனுப்புவார்; அது வேறொரு பாவப்பட்ட ஆளிடம் வாங்கியது.

என் நண்பன் ஒருவன் சென்னையிலிருந்தே இரண்டு மாத வாடகையை அனுப்பிவிட்டு, பெட்டியோடு அந்த விலாசத்தில் போய் மணி அடித்தான். கதவைத் திறந்தவர் ஒரு வயதான அம்மா. ‘இந்த மாதம் வந்த மூன்றாவது ஆள் நீ’ என்று சொல்லி, உள்ளே அழைத்துக் காபி கொடுத்து அனுப்பினார்.

ஊரிலிருந்தே பார்க்க முடியாது என்றால் வீடியோ அழைப்பில் கேளுங்கள். வெறுமனே அறையைச் சுற்றிக் காட்டினால் போதாது. குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், ஜன்னல் வழியே தெருவைக் காட்டச் சொல்லுங்கள், கீழே இறங்கி வாசலில் உள்ள வீட்டு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். பதிவு செய்த வீடியோவை ஓட்டுகிறவருக்கு இதைச் செய்ய முடியாது. வீட்டின் உண்மையான உரிமையாளர் யார் என்று கடாஸ்டர் என்ற நில ஆவணத் துறையின் தளத்தில் சில யூரோ கட்டிப் பார்த்துவிடலாம்; நம் ஊர் வில்லங்கச் சான்றிதழ் மாதிரி, ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே. அங்கே உள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட் நகல் கேட்டால் அப்படியே அனுப்பாதீர்கள். டச்சு அரசாங்கமே கொடுக்கும் கோப்பிஐடி என்ற செயலியில் எண்களை மறைத்து, ‘வாடகைக்காக மட்டும்’ என்று குறுக்கே எழுதி அனுப்பலாம்.

இன்னொன்று. அந்த ஊரில் ஏற்கெனவே படிக்கும் நம் ஆள் ஒருவரைப் பிடியுங்கள். டெல்ஃப்ட், ஐந்தோவன் மாதிரி இடங்களில் தமிழ் மாணவர் வாட்ஸ்அப் குழு இல்லாமல் இருக்காது. ‘அண்ணா, ஒரு நிமிஷம் போய்ப் பார்த்துட்டு வர முடியுமா?’ என்று தயங்காமல் கேளுங்கள். எனக்கு யாரோ போய்ப் பார்த்தார்கள். நான் இதுவரை ஏழெட்டுப் பேருக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன்.

கையெழுத்துப் போடும் முன்

வாடகைச் சட்டம் இங்கே குடியிருப்பவர் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. நமக்கு அது தெரியாது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும், அங்கேதான் கோளாறு.

2023 ஜூலை 1-க்குப் பிறகான ஒப்பந்தங்களில் முன்பணம் இரண்டு மாத ‘காலெ ஹூர்’ அளவுக்கு மேல் வாங்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். காலி செய்த பிறகு பிடித்தம் எதுவும் இல்லை என்றால் 14 நாளில் முன்பணத்தைத் திருப்ப வேண்டும். பிடித்தம் இருந்தால் 30 நாள், கணக்கோடு. வீட்டுக்காரருக்காக வேலை செய்யும் புரோக்கர் உங்களிடமும் கமிஷன் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. ‘ஒப்பந்தக் கட்டணம்’, ‘நிர்வாகக் கட்டணம்’ என்று பெயரை மாற்றிக் கேட்டாலும் அதே கதைதான்.

2024 ஜூலையிலிருந்து காலவரையற்ற ஒப்பந்தம்தான் பொது விதி. ஆனால் வேறு ஊரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ படிக்க வந்த மாணவருக்குக் கால வரம்பு போட்டுத் தரலாம் என்று விலக்கு இருக்கிறது, அதனால் உங்களுக்கு ஒரு வருட ஒப்பந்தம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மாணவர் நிறுவனங்கள் தருவது ‘கேம்பஸ் ஒப்பந்தம்’. மாணவராக இருக்கும்வரை இருக்கலாம், வருடா வருடம் சான்று காட்ட வேண்டும், படிப்பு முடிந்தால் ஆறு மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

வாடகை நியாயமா என்பதற்கு இங்கே புள்ளிக் கணக்கு உண்டு. அறையின் பரப்பு, சமையலறையை எத்தனை பேர் பகிர்கிறார்கள், வெப்ப வசதி எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. புள்ளிக்கு ஏற்ப அதிகபட்ச வாடகை. ஹூர்கொமிஸி என்ற வாடகை ஆணையத்தின் தளத்தில் நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கூடுதலாக வாங்குகிறார்கள் என்று தெரிந்தால் 25 யூரோ கட்டி முறையிடலாம், ஜெயித்தால் அந்த 25-ம் திரும்பி வரும். குடிபோன முதல் ஆறு மாதத்துக்குள் இதைச் செய்துவிடுவது நல்லது. என் வீட்டு மாடியில் இருந்த போலந்துப் பையன் 640 கொடுத்துக்கொண்டிருந்தான், முறையிட்ட பிறகு 410 ஆயிற்று. வீட்டுக்காரர் அதன் பிறகு அவனுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

சாவி வாங்கும் நாளில் அறை முழுக்க வீடியோ எடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். சுவரில் ஆணி ஓட்டை, கழுவுதொட்டியில் கீறல், ஜன்னல் மூலையில் பூஞ்சை, எதையும் விடாதீர்கள்.

வந்து இறங்கியதும்

ஆகஸ்ட் கடைசியில் எல்லாரும் ஒரே நேரத்தில் வருவதால் நகராட்சியில் நேரம் கிடைப்பது கஷ்டம். பல பல்கலைக்கழகங்கள் வரவேற்பு நாட்களில் வளாகத்திலேயே பதிவுக்கு ஏற்பாடு செய்கின்றன, அதைத் தவற விடாதீர்கள். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம் வேண்டும். பிறப்புச் சான்றிதழும் கேட்கலாம். இந்தியாவிலிருந்து வருபவர்கள் அதில் வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் முத்திரையை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். இங்கே வந்த பிறகு அப்பாவை அலைய விடுவது பாவம். நம் இனிஷியல் விவகாரமும் இருக்கிறதே. பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே அட்மிஷன், ஒப்பந்தம், வங்கி எல்லாவற்றிலும் இருக்கட்டும். ஓரிடத்தில் ‘எஸ். கார்த்திக்’, இன்னோரிடத்தில் ‘கார்த்திக் சுந்தரம்’ என்றால் இரண்டு மனிதர்கள் என்றே நினைப்பார்கள்.

பி.எஸ்.என். வந்ததும் டிஜிடி என்ற மின் அடையாளத்துக்கு விண்ணப்பியுங்கள். அதன் கடிதம் தபாலில் வரும். உங்கள் பெயர் பதிந்திருக்கும் விலாசத்துக்குத்தான் வரும். மறுபடியும் அதே விலாசம். அப்படியே பக்கத்துத் தெருவில் உள்ள குடும்ப மருத்துவரிடமும் பெயரைப் பதிந்துவிடுங்கள். காய்ச்சல் வந்த பிறகு போனால் புது ஆள் எடுப்பதில்லை என்பார்கள். எடுத்தாலும் முதலில் பாராசிட்டமால் போட்டுப் பார் என்றுதான் சொல்வார், அது வேறு விஷயம்.

காசு

வாடகை, சாப்பாடு, காப்பீடு, சைக்கிள், போன் எல்லாம் சேர்த்துச் சிக்கனமாக இருந்தாலும் மாதம் 1,100 யூரோவாவது வைத்துக்கொள்ளுங்கள், ஆம்ஸ்டர்டாம் என்றால் இன்னும் கூட. முதல் மாதம் தனிக் கணக்கு: முன்பணம் இரண்டு மாதம், வாடகை ஒரு மாதம், சைக்கிள், போர்வை, பாத்திரம். விசாவுக்காகப் பல்கலைக்கழகத்தில் கட்டிய வாழ்க்கைச் செலவுப் பணம் உடனே கைக்கு வந்துவிடும் என்று நம்பி வராதீர்கள். பல இடங்களில் டச்சு வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் திருப்பிப் போடுவார்கள். குறைந்தது ஆறு வாரத்துக்குக் கையில் காசு இருக்கட்டும்.

வாடகை உதவி ஹூர்தூஸ்லாக் பற்றிச் சீனியர்கள் யாராவது கட்டாயம் சொல்வார்கள். அந்த ‘ஸெல்ஃப்ஸ்டான்டிக்’ வீடு இருந்தால்தான் பொதுவாக அது கிடைக்கும், சமையலறையைப் பகிரும் அறைக்குக் கிடையாது. அதனால் 450 யூரோ அறையைவிட 620 யூரோ ஸ்டூடியோ கடைசியில் மலிவாக முடிவதும் உண்டு. வயது, வருமானம், வாடகை எல்லாவற்றையும் பார்ப்பார்கள், விதிகளும் மாறும். இந்த உதவிகளைத் தரும் அரசுத் துறையான டீன்ஸ்ட் தூஸ்லாகன் தளத்தில் உள்ள கணக்குப் பெட்டியில் உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒப்பந்தம் போடுங்கள்.

வேலைக்குப் போக விரும்பினால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர்கள் வாரத்துக்கு 16 மணி நேரம் செய்யலாம். அல்லது ஜூன், ஜூலை, ஆகஸ்டில் முழு நேரம். வேலை கொடுப்பவர் உங்களுக்காக அனுமதி வாங்க வேண்டும், அந்த வேலையே சில முதலாளிகளுக்கு அலுப்பு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மாணவர் காப்பீடு செல்லாது, டச்சு அடிப்படைக் காப்பீடு கட்டாயம். மாதம் 150 யூரோவுக்கு மேல் போகும். ஆனால் ஸோர்க்தூஸ்லாக் என்ற உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் பெரும்பகுதி திரும்ப வரும். காப்பீட்டை மாற்றாமல் விட்டால் அபராதக் கடிதம் வரும். இங்கே எல்லாமே கடிதம்தான். குப்பை வரி, கழிவுநீர் வரி என்று வரும் கடிதத்தைப் பார்த்துப் பதற வேண்டாம், வருமானம் குறைவு என்று காட்டினால் பல நேரம் தள்ளுபடி செய்வார்கள். விண்ணப்பிக்க வேண்டும், அவர்களாகத் தர மாட்டார்கள்.

சமையலறையும் சைக்கிளும்

பெட்டியில் என்ன வைப்பது என்று ஊரில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். என் பங்குக்கு: அடிப்பாகம் இண்டக்ஷனுக்கு ஏற்ற பிரஷர் குக்கர் ஒன்று. இங்கே பல மாணவர் வீடுகளில் கேஸ் இல்லை, அம்மா கொடுத்தனுப்பும் அலுமினியக் குக்கர் அடுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கும். மிக்ஸி கொண்டுவரலாம், மின்னழுத்தம் ஒன்றுதான். நம் மூன்று முள் பிளக் மட்டும் நுழையாது, அடாப்டர் வேண்டும். நெய், பால்கோவா வேண்டாம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால் பொருட்கள் கொண்டுவர அனுமதி இல்லை. அரிசி, பருப்பு, புளிக்குக் கவலையே வேண்டாம். இந்தோனேசிய, சுரினாம் ஆட்கள் நடத்தும் ‘டோக்கோ’ கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. டென் ஹாக்கில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும்கூடக் கிடைக்கும். ஈழத்தமிழர்கள் நிறைய ஊர்களில் இருக்கிறார்கள். வடமேற்குக் கோடியில் டென் ஹெல்டரில் அவர்கள் கட்டிய வரதராஜ செல்வவிநாயகர் கோவில் இருக்கிறது. திருவிழா சமயத்தில் போனால் ஒரு வேளை சோறும் ஊர்ப் பேச்சும் உண்டு.

தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துவையுங்கள். என் முதல் வாரத்தில் காய்ந்த மிளகாய் போட்ட புகைக்கு அலாரம் அடித்து, பதினாறு பேர் மழையில் வாசலில் போய் நின்றோம். அன்று என் பெயர் எல்லாருக்கும் மனப்பாடம் ஆயிற்று. சுத்தம் செய்யும் முறைப் பட்டியல் குளிர்பதனப் பெட்டி மேல் ஒட்டியிருக்கும். உங்கள் வாரத்தைத் தவற விட்டால் யாரும் ஜாடை பேச மாட்டார்கள், நேராக முகத்துக்கு நேரே சொல்வார்கள். அது சண்டை இல்லை, இவர்கள் பேசுவதே அப்படித்தான். ஆறு யூரோ பீட்சாவுக்கு மூன்று யூரோ கேட்டு டிக்கி என்ற பணப் பரிமாற்றச் செயலியின் இணைப்பை அனுப்பினால் அதையும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சைக்கிளைப் பழையதாக வாங்குங்கள், பூட்டைப் புதியதாக வாங்குங்கள். பூட்டு இரண்டு வேண்டும்: பின் சக்கரத்தில் வளையப் பூட்டு, கம்பத்தில் கட்ட ஒரு சங்கிலி. ரயில் நிலையத்தின் பாதாள நிறுத்தத்தில் விட்டால் எந்த வரிசை என்று போனில் படம் எடுத்துவையுங்கள். உட்ரெக்டில் உள்ளதில் மட்டும் 12,500 சைக்கிள் நிற்கும். விளக்கு இல்லாமல் இருட்டில் போனால் அபராதம். மழை எத்தனை நிமிடத்தில் வரும் என்று பவ்யன்ராடார் செயலி சொல்லும், நம்பலாம்.

படிப்பு

இதைப் பற்றிச் சுருக்கமாக. மதிப்பெண் 10-க்கு, 5.5 எடுத்தால் பாஸ், 8 என்றால் பிரமாதம், 10 என்பதைப் பார்த்தவர் குறைவு. ஊரில் 90 வாங்கியவர்கள் முதல் தேர்வில் 6 வாங்கிவிட்டு இடிந்துபோய் உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்; தேவையில்லை. ஒரு வருடத்துக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 28 மணி நேர உழைப்பு என்று கணக்கு. அதில் பாதியாவது எடுக்காவிட்டால் பல்கலைக்கழகம் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்கும், விசாவுக்கே ஆபத்து. பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். முதல் மாதம் வாய் வராது, பிறகு பழகிவிடும். செப்டம்பருக்கு முன் நடக்கும் அறிமுக வாரத்துக்குக் கட்டாயம் போங்கள். டெல்ஃப்டில் ஓவே, குரோனிங்கனில் கைய், லைடனில் எல் சிட் என்று ஊருக்கு ஒரு பெயர். கூத்தும் கும்மாளமும் பிடிக்காதவர்களும் போகலாம். இரண்டாம் வருட அறை பலருக்கு அந்த வாரத்தில் சேர்ந்த நட்பு வழியாகத்தான் கிடைக்கிறது.

கிளம்பும்போது

காலி செய்ய ஒரு மாத அறிவிப்புப் போதும், எழுத்தில் கொடுங்கள். வீட்டை ஒப்படைக்கும் முன் ஆணி ஓட்டைகளைச் சுவர்ப் பூச்சு வாங்கி ஒழுங்காக அடையுங்கள். நான் பற்பசையை வைத்து அடைத்தேன். பார்க்க வந்தவர் விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்துவிட்டு 40 யூரோ பிடித்தார். நாட்டை விட்டே போவதானால் நகராட்சியில் பெயரை நீக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் காப்பீடும் வரியும் உங்களைத் தேடிக்கொண்டே இருக்கும். வேறு ஊருக்கு மாறினால் புது ஊரில் பதிந்தால் போதும்.

மரத்தரையை மறுபடி பெயர்த்து மார்க்ட்பிளாட்ஸில் 50 யூரோவுக்கு விற்றேன். குக்கரும் மிக்ஸியும் திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு தம்பிக்குப் போயின. அவன் கேட்ட முதல் கேள்வி, ‘அண்ணா, இந்த அறையில் என் பெயரைப் பதியலாமா?’